இருட்டுக் கோமானின் கடைசித் தாள்

தூத்துக்குடியில் உப்பு வண்டிகள் போய் வரும் தெருவொன்றில் தாணுலிங்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். யோக்கியமான மனிதர். இதைச் சொல்லிவிட்டால் அவரைப் பற்றிப் பாதி சொன்னதாகிவிடும். யோக்கியரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று அவர் மனைவி சீனித்தாயிடம் கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். நூறு கிராம் வத்தல் கேட்டால், தராசு முள் நடுவில் வந்து நிற்கிறவரைக்கும் ஒரு வத்தலைப் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். கடைசியில் அந்த வத்தலை இரண்டாகக் கிள்ளிப் பாதியைப் போடுவார். அதற்குள் வாங்க வந்தவள் வீட்டில் எண்ணெய் காய்ந்து புகைந்துபோயிருக்கும். சினிமாக் கொட்டகைப் பக்கம் போனதில்லை, சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. அவர் படித்த ஒரே புத்தகம் பஞ்சாங்கம். அதிலும் ராகுகாலம் மட்டும்.

இந்த யோக்கியத்துக்கு அவர் கொடுத்த விலை அவருடைய தம்பி. கடையை அண்ணனும் தம்பியுமாகத்தான் நடத்திவந்தார்கள். ஒரு சாயங்காலம், கடை நிறைய ஆள் நிற்கும் நேரத்தில், தராசுத் தட்டின் அடியில் கொஞ்சம் புளி ஒட்டியிருப்பதைத் தாணுலிங்கம் கண்டுபிடித்தார். ஒட்டியவன் தம்பி காசிலிங்கம். வேறு அண்ணனாக இருந்தால் புளியைச் சுரண்டி எறிந்துவிட்டு, கடையை அடைத்த பிறகு தம்பியை நாலு சாத்து சாத்தியிருப்பான். தாணுலிங்கம் தட்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“எல்லாரும் பாத்துக்கிடுங்க. எந்தம்பி செஞ்ச வேலை” என்றார்.

காசிலிங்கம் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவன்தான். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் வள்ளக்காரர்களுக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை போட்டான். தராசே இல்லாத தொழிலாகப் பார்த்துப் பிடித்தான் என்று ஊர் சிரித்தது. அன்றிலிருந்து அண்ணன் வாசலைத் தம்பி மிதிக்கவில்லை, தம்பி வாசலை அண்ணனும் மிதிக்கவில்லை. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களெல்லாம் வந்து கட்ட ஆரம்பித்துவிட்டன. இவர்கள் இரண்டு பேரும் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஆனால் வியாபாரி வீட்டுச் சண்டைக்கும் ஒரு சந்து உண்டு. காசிலிங்கத்தின் மனைவி செல்லக்கனிக்குக் கைராசி. அவள் காலையில் முதல் ஆளாக வந்து போணி செய்தால் அன்றைக்கு யாவாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது தாணுலிங்கத்தின் அசையாத நம்பிக்கை. தம்பியை விடலாம், ராசியான கையை எந்தக் கடைக்காரன் விடுவான்? சண்டைக்குப் பிறகும் அவள் தினம் விடிந்ததும் வருவாள். தலையைக் குனிந்துகொண்டே கடுகோ சீரகமோ கேட்பாள். அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நிறுத்துக் கொடுப்பார். தம்பி பேச்சை இருவரும் எடுப்பதில்லை. போணி வேறு, பகை வேறு.

பொட்டலம் கட்டும் தாள் சிவகாசிப் பக்கமிருந்து மூட்டையாக வரும். ஒரு தடவை அதில் ஒரு தடித்த படக்கதைப் புத்தகம் கிடந்தது. ‘இருட்டுக் கோமான்’ என்று பெயர். முதல் மூன்று பாகங்களையும் எந்தப் புண்ணியவானோ ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தான். தாணுலிங்கத்துக்கு அது தாள், அவ்வளவுதான். அட்டையில் ஓட்டை போட்டுச் சணலில் கோத்து, தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். போணிக்கு முந்தின நாள் மிச்சத் தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்பது அவர் சட்டம். செல்லக்கனி வந்ததும் புதுப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்துக் கடுகு மடித்துக் கொடுத்தார். எப்போதும் கடைசியிலிருந்துதான் கிழிப்பார். முன்னாலிருந்து கிழித்தால் அட்டை கழன்று புத்தகம் கீழே விழுந்துவிடும்.

வெயில் ஏறி ஆள் குறைந்த நேரத்தில் காற்று அட்டையைப் புரட்டியது. முதல் பக்கத்தில், கறுப்பு அங்கி போட்ட ஒரு நெட்டையன் ஒரு கிழவியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுக்கொண்டிருந்தான். தாணுலிங்கம் திடுக்கிட்டார். இந்த அநியாயக்காரனை எந்தப் பக்கத்தில் போலீஸ் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாமென்று புரட்டினார். பிடிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அவன் அநாதை விடுதிக்குச் சேர்ந்த நகைப்பெட்டியைத் திருடினான். அதற்கடுத்த பக்கத்தில், திருட உதவியவனையே ஏமாற்றிவிட்டு, “நம்பியது உன் குற்றம்!” என்று சிரித்தான். கதாநாயகனே இவன்தான் என்று விளங்கியபோது தாணுலிங்கத்துக்கு மூச்சே நின்றுபோனது.

“அடப்பாவி!” என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்றைக்கு முழுக்கக் கண் முன்னாலிருந்து படித்துக்கொண்டே போனது, கை பின்னாலிருந்து கிழித்துக்கொண்டே வந்தது. இந்தக் கைக்கு இத்தனை வருஷப் பழக்கம். அதற்குக் கண்ணிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. வாங்க வந்தவர்களுக்கு அன்று நல்ல வேட்டை. கோமான் மதிலேறிக் குதிக்கும் இடத்தில் ஒருத்திக்குத் துவரம்பருப்பு தாராளமாக விழுந்தது. அவள் பதறிப்போய், “அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்லையா?” என்று கேட்டுவிட்டாள்.

இரண்டாம் பாகத்தில் கோமானுக்கு ஒரு தம்பி வந்தான். ரோலன் என்று பெயர். அவனும் திருடன்தான், ஆனால் சில்லறைத் திருடன். ஒரு நாள் போலீஸ் இருவரையும் நெருங்குகிறது. கோமான் சந்தைக்கு நடுவில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியின் முகமூடியைப் பிய்த்து எறிந்து, “இதோ உங்கள் திருடன்!” என்று கூவுகிறான். கூட்டம் தம்பியைச் சூழ்ந்துகொள்ள, கோமான் பெட்டியோடு நழுவிவிடுகிறான்.

“துரோகி!” என்று தாணுலிங்கம் உரக்கவே கத்திவிட்டார். கத்திய பிறகு அவருக்கு என்னவோ போலிருந்தது. எதிரில் தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். அவன் திருடன், நான் யோக்கியன். அவன் தப்பிக்கச் செய்தான், நான் நியாயத்துக்குச் செய்தேன் என்று தனக்குத்தானே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வக்கீல் வைத்துப் பேசினாலும் ஜெயிக்கிற வழக்குத்தான். ஆனாலும் சந்தையில் முகம் செத்து நின்ற அந்த ரோலனின் படத்தை அவரால் புரட்ட முடியவில்லை. அவனுக்குக் காசிலிங்கத்தின் காது.

சிறைக்குப் போன தம்பி என்ன ஆனான்? அண்ணனைக் கொன்றானா, மன்னித்தானா? அடுத்த பாகத்தைத் தேடிப் புரட்டினால், சணலும் கிழிந்த ஓரமும்தான் இருந்தன. மூன்றாம் பாகம் முழுவதையும் அவர் கையே தெருவுக்குப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டது.

மறுநாளிலிருந்து தாணுலிங்கம் கடையில் ஒரு புது வழக்கம் வந்தது. படம் போட்ட தாளைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு கை பொட்டுக்கடலை. தெரு சும்மா இருக்குமா? சினிமா நோட்டீஸ் வந்தது, காலண்டர் முருகன் வந்தார், சோப்பு விளம்பரம் வந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் பிச்சையா ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினார்.

“அண்ணாச்சி, இதுல கொல விழுது. இதுக்கு ரெண்டு கை கடலை தரணும்.”

“கொல முழுசா இருக்காலே?”

“கத்தி வரைக்கும் இருக்கு. மிச்சத்துல கருவாடு வச்சிட்டேன்.”

இப்படியாகத் தாள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கிடந்தன. ரோலன் சிறையை உடைக்கும் தாளில் மிளகாய்ப்பொடி கட்டியிருந்ததால், அந்த வீர சாகசம் முழுவதையும் தாணுலிங்கம் தும்மிக்கொண்டேதான் படித்தார். சீனித்தாய் வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து தாள்கள் ஞானபாய் டீச்சரிடம் இருப்பதாகத் தெரிந்தது. டீச்சர் நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வேதபாடமும் நடத்துகிறவர். தாணுலிங்கம் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

“நீங்களா அண்ணாச்சி இந்தக் கண்றாவியைத் தேடுதிய?” என்றார் டீச்சர். கேட்டுக்கொண்டே உள்ளே போய், தாள்களை வேதபாடப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்து வந்தார். சுருக்கம் நீக்கி, வரிசைப்படி அடுக்கியும் வைத்திருந்தார். “பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாதுன்னுதான் பத்திரப்படுத்தினேன்.”

“நீங்க படிச்சியளா டீச்சர்?”

“என்னன்னு தெரியாம எப்படிக் கண்டிக்கிறது?” என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லுதேன். இப்ப வார பாகங்கள்ல எல்லாம் இந்த ஆளு திருந்திட்டான். போலீசுக்குத் துப்பு சொல்லுதான், ஏழைகளுக்குக் கஞ்சி ஊத்துதான். வகுப்புல பிடுங்கிப் பிடுங்கி எல்லாம் எனக்கு அத்துபடி.”

தாணுலிங்கத்தின் முகம் தொங்கிவிட்டது. “திருந்திட்டானா? அப்ப என்ன இருக்கு அதுல படிக்க?”

“நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா நான் அப்படிச் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதிய.”

டீச்சர் தந்த தாள்களில் கதை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடற்கரையோரம் ஒரு சின்ன வீடு. உள்ளே ரோலன். வெளியே மழை. கோமான் ஆயுதமில்லாமல் வந்து கதவு முன்னால் நிற்கிறான். தட்டுவதற்குக் கை ஓங்கியிருக்கிறது. அத்தோடு தாள் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி.

கடைசித் தாள். அதை யாருக்குக் கட்டினோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. புதுப் புத்தகத்தின் கடைசித் தாள் எப்போதும் போணிக்குத்தான். போணி எப்போதும் செல்லக்கனிதான். தெரு முழுக்க எத்தனை வீடு இருக்க, அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருந்தது தம்பி வீட்டில்.

மறுநாள் விடிந்ததும் அவள் வந்தாள். வெந்தயம் கேட்டாள். தாணுலிங்கம் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

“அன்னைக்குக் கடுகு கட்டின தாளு…”

“கடுகு நல்லாத்தான் இருந்திச்சு அத்தான்.”

“கடுகு இல்லம்மா, தாளு.”

செல்லக்கனி தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் அவள் உதடு துடித்ததை அவர் பார்த்துவிட்டார். அது அழுகையில்லை, சிரிப்பு. “தாளு அவியகிட்டதான் இருக்கு. தினமும் எடுத்துப் படிக்காவ. ‘இவன் ஏன் இவனுக்கு இப்படிச் செய்யுதான்’னு முன்கதை தெரியாம மண்டையப் போட்டு ஒடைக்காவ. வேணுமின்னா வந்து வாங்கிக்கிடச் சொல்லுதாவ.”

வந்து வாங்கிக்கொள்வதாம்! தாணுலிங்கம் அன்று முழுக்கக் குமுறினார். தப்பு செய்தவன் அவன். நான் போய் அவன் வாசலில் நிற்பதா? ஒரு தாளுக்காகவா? வெல்லத்தை நிறுத்துக்கொண்டே மனதுக்குள் தம்பியை வைதார். வைது முடித்ததும் மழையில் கை ஓங்கி நிற்கிற கோமான் கண்ணுக்குள் வந்து நின்றான். அவனும் தட்டமாட்டேன் என்கிறான், போகவும் மாட்டேன் என்கிறான். சோறு இறங்கவில்லை.

“தம்பி வீட்டுக்குப் போகணும்னா போங்களேன். அதுக்கு ஒரு திருட்டுப்பயல் கதை வேணுமாக்கும்?” என்றாள் சீனித்தாய்.

“நான் தாளுக்குப் போறேன்” என்றார் தாணுலிங்கம், ரோஷமாக.

“சரி, தாளுக்கே போங்க. வெறுங்கையோட போவாதிய.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையை அடைத்துவிட்டு, புத்தகத்தை ஒரு கையிலும் சீனித்தாய் கட்டிக் கொடுத்த கருப்பட்டிப் பொட்டலத்தை மறுகையிலும் பிடித்துக்கொண்டு போனார். தம்பியின் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கயிறு, பின்னால் குடித்தனம். காசிலிங்கம் ஒரு வள்ளக்காரருக்கு நைலான் கயிற்றை இரண்டு கையையும் அகல விரித்துப் பாகம் போட்டு அளந்துகொண்டிருந்தான். கயிற்றை நன்றாக இழுத்துப் பிடித்து அளந்தான். விட்டால் அது சுருங்கும் என்று தாணுலிங்கத்துக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தார். அவர் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

வள்ளக்காரர் போன பிறகு காசிலிங்கம், “என்ன?” என்றான். தலைமுடி முன்புறம் நரைத்திருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“தாளுக்கு வந்தேன்.”

“முடிவு என்கிட்ட இருக்கு. சும்மா தர முடியாது. மொதல்ல இருந்து கதையச் சொல்லு.”

வேறு வழியில்லை. கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்து தாணுலிங்கம் கதை சொல்ல ஆரம்பித்தார். பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் படிக்காத மனிதர், கிழவியைக் கிணற்றில் போட்டதிலிருந்து நகைப்பெட்டி வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். செல்லக்கனி அடுப்பை விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். காசிலிங்கம், “அயோக்கியப் பய, கெட்டிக்காரன்” என்று தொடையில் தட்டினான். அண்ணனும் தம்பியும் ஒரு திருடனை மெச்சிக்கொண்டு இருந்தார்கள்.

சந்தைக்கு வந்ததும் தாணுலிங்கத்தின் குரல் தடுக்கியது.

“அங்கன வச்சு… நாலு பேரு பாக்க… தம்பி மூஞ்சில கெடந்த முகமூடியப் பிச்சு…” அதற்குமேல் போகவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார்.

காசிலிங்கம் ரொம்ப நேரம் பார்த்தான். “ஏன் அப்படிச் செஞ்சான்?”

தப்பிப்பதற்காக என்றுதான் புத்தகத்தில் இருந்தது. தாணுலிங்கம் சொன்னது வேறு. “பேருக்கு. நாந்தான் நல்லவன்னு நாலு பேரு சொல்லணும்னு. உள்ள கூப்பிட்டு ரெண்டு அறை குடுத்திருக்கலாம். செய்யல.” சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. மிளகாய்ப்பொடித் தாள் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதுபோலப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

கடல் இரைந்துகொண்டிருந்தது. காசிலிங்கம் ஒரு கயிற்று நுனியைப் பிரித்தான், முறுக்கினான், மறுபடி பிரித்தான்.

“கடைசில என்னலே ஆச்சு?” என்று கேட்டார் தாணுலிங்கம். “கதவத் தட்டினானா?”

“தட்டினான்.”

“தம்பி?”

“தொறந்தான்.”

“சுட்டானா?”

காசிலிங்கம் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. “சுடல. ‘வா, சாப்ட்டியா’ன்னு கேட்டான். அண்ணன் உள்ள போனான். அவ்வளவுதான் கதை.”

“அப்படியா போட்டிருக்கு?”

“அப்படித்தான் போட்டிருக்கு” என்று காசிலிங்கம் சாதித்தான். புளி ஒட்டிய காலத்திலும் அவன் இப்படித்தான் கண்ணைச் சிமிட்டாமல் பேசுவான்.

தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினான். தாணுலிங்கம் விரித்துப் பார்த்தார். ரோலன் கதவைத் திறக்கிறான். கையில் துப்பாக்கி. புகை. கோமானின் தொப்பி பறக்கிறது, காதோரம் ரத்தம். கோமான் சிரிக்கிறான், விளக்கை உடைக்கிறான், தம்பியின் கடைசிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இருட்டில் மறைகிறான். “என்னையா சுடுகிறாய், முட்டாளே!” என்பது கடைசி வசனம். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பல்பொடி விளம்பரம். சாப்பாடு என்ற பேச்சே எந்தப் பக்கத்திலும் இல்லை.

அரை வத்தலுக்காக ஆளை நிறுத்தி வைக்கிற மனிதர், தாளை முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். காசிலிங்கம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

தாணுலிங்கம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் நின்ற செல்லக்கனியிடம் கேட்டார்: “என்ன கொழம்பும்மா வச்சிருக்க?”